சுவர் விரியலாம், தளம் விழக் கூடாது

(பழைய கட்டடங்களைக் குறைந்த செலவில் வெடிப்புத் தாங்கச் செய்வது பற்றி நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2020 ஆகஸ்ட் 4 மாலை, பெய்ரூத் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கில் கிடந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 6,000 பேருக்கு மேல் காயம். சுமார் 3 லட்சம் பேருக்குக் குடியிருக்க வீடில்லாமல் போயிற்று. செய்தி வந்து ஓரிரு நாளில் சென்னையில் எல்லோர் வாயிலும் மணலியின் பெயர் அடிபட்டது. அங்கே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில், 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அதே சரக்கு, சுமார் 700 டன், 37 கண்டெய்னர்களில் கிடந்தது. ஐந்து வருஷம் அசையாமல் கிடந்தது, பெய்ரூத் வெடித்த சில நாட்களில் ஏலம் எடுத்த ஹைதராபாத் நிறுவனத்துக்கு லாரிகளில் கிளம்பிவிட்டது.

மணலியில் ஒரு வீட்டுச் சுவரைக்கூட யாரும் தொடவில்லை. ஒரு மூட்டை சிமெண்டுகூடச் செலவாகவில்லை. ஆனாலும் அந்த வட்டாரத்துக் கட்டடங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் முன்பைவிடப் பாதுகாப்பாகிவிட்டன. கட்டட வலுவூட்டல் என்று எந்தப் பொறியாளரும் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் இதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். வெடிப்பைத் தாங்க வைப்பது என்றதும் மூன்றடிக் கான்கிரீட், இரும்புக் கதவு, பதுங்குகுழி என்று மனம் போகிறது. அதெல்லாம் ராணுவத்தின் செலவு. ஏற்கெனவே எழும்பி நிற்கிற ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் வேறு கணக்கு இருக்கிறது. அதில் எதற்கு முதலில் காசு போடுவது என்ற வரிசைதான் விஷயம்.

அந்த வரிசைக்கு அடிப்படை ஒரு பழைய விதி. பிரிட்டனில் ஹாப்கின்சனும் ஜெர்மனியில் கிரான்ஸும் தனித்தனியே கண்டது. ஒரு கட்டடத்துக்கும் வெடிக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால், முன்பு வந்த அதே உச்ச அழுத்தத்தை உண்டாக்க எட்டு மடங்கு வெடிமருந்து தேவைப்படும். ஐந்து மீட்டரைப் பத்து மீட்டர் ஆக்குவதன் பலன் இவ்வளவு. சுவரை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் இவ்வளவு பலன் கிடைக்காது, செலவு மட்டும் கிடைக்கும்.

அழுத்தம் எவ்வளவு என்று ஒரு பிடிமானம் வேண்டுமே. சென்னைக் கட்டடங்களை விநாடிக்கு 50 மீட்டர் வேகக் காற்றுக்கு வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தரக்குறிப்பு. பெரும்புயலின் வேகம் அது. அந்தக் காற்று சுவரில் தரும் அழுத்தம் சுமார் ஒன்றரைக் கிலோபாஸ்கல். சாதாரண ஜன்னல் கண்ணாடி சில கிலோபாஸ்கலிலேயே உடைகிறது. கம்பி இல்லாத செங்கல் சுவர் 50 கிலோபாஸ்கல் அளவில் சாய்ந்துவிடும். வாகனத்தில் வைத்த பெரிய குண்டுக்குச் சில மீட்டர் தூரத்தில் இருக்கும் தூண் மீது விழுவதோ ஆயிரக்கணக்கான கிலோபாஸ்கல். ஒரே ஆறுதல், அது நிற்கும் நேரம் மிகக் குறைவு, ஆயிரத்தில் சில பங்கு விநாடி. புயல் தள்ளுகிறது, வெடிப்பு அறைகிறது. அறைக்குப் பிறகும் வளைந்து கொடுத்து நிற்கும் பொருள் பிழைத்துக்கொள்ளும். விறைப்பாக நிற்பது நொறுங்கும்.

தூரத்தின் அருமை தொழிற்சாலைகளில் ரத்தம் சிந்தித்தான் புரிந்திருக்கிறது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தபோது இறந்த 15 பேரும் தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றின் அருகிலும் இருந்தவர்கள். மரச்சட்டத்தில் தகடு போர்த்திய அந்த அறைகள், பராமரிப்பு வேலைக்காக வந்த ஒப்பந்தக்காரர்கள் உட்கார்ந்து பேச வைத்தவை. வெடித்த பகுதிக்குப் பக்கத்தில் அவை இருந்தே ஆக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இத்தகைய டிரெய்லர்களை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தனி வழிகாட்டியே வெளியிட்டது. டிரெய்லரை இழுத்துப் போக ஒரு டிராக்டர் போதும்.

பக்கத்தில் இருந்தே தீர வேண்டிய அறைகளும் உண்டு. 1974 ஜூன் 1இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்ததில் இறந்த 28 பேரில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். ஜன்னல் உள்ளே பாய்ந்தது, கூரை தலையில் விழுந்தது. அன்று சனிக்கிழமை, அலுவலகத்தில் ஆள் இல்லை. வேலை நாளாக இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும்.

நகரத்தில் தூரம் கிடைப்பது கஷ்டம். கட்டடத்தைத் தள்ளி வைக்க முடியாது. ஆனால் வாகனத்தைத் தள்ளி நிறுத்தலாம். 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதமே வெள்ளை மாளிகைக்கு முன்னால் ஓடும் பென்சில்வேனியா அவென்யூவில் வாகனங்கள் போகத் தடை போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம் என்றால் நுழைவாசலை ஒட்டி வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிடலாம், நடைபாதை ஓரம் கான்கிரீட் பூந்தொட்டிகளும் குட்டைத் தூண்களும் ஊன்றலாம். தொட்டி சும்மா தரையில் உட்கார்ந்திருந்தால் லாரி அதைத் தள்ளிக்கொண்டே போய்விடும். கம்பியோடு சேர்த்துத் தரையில் பிடித்திருக்க வேண்டும். நம் ஊர் அலுவலக வாசல்களில் அழகுக்கு வைத்திருக்கும் தொட்டிகளில் பாதி, இரண்டு பேர் சேர்ந்தால் நகர்த்திவிடக்கூடியவை.

இனி கண்ணாடி. காசைக் கொட்டாமல் அதிகப் பேரைக் காப்பாற்றக்கூடிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்தின் பின்வாசலுக்கு வந்த லாரியைக் காவலர்கள் உள்ளே விடவில்லை. வந்தவர்களில் ஒருவன் கையெறி குண்டை வீசினான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து அலுவலகங்களில் இருந்தவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு வந்தார்கள். அடுத்து பெரிய குண்டு வெடித்தது. 213 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள். கண்ணில் கண்ணாடி ஏறியவர்கள் ஏராளம். தூதரகக் கட்டடம் நின்றது, பக்கத்தில் இருந்த உஃபுண்டி ஹவுஸ் தரைமட்டமானது. குறிவைக்கப்பட்ட கட்டடத்தோடு அதன் அண்டைவீடுகளும் மோசமாக அடிவாங்கும் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. கொழும்பு மத்திய வங்கி மீது 1996 ஜனவரி 31இல் நடந்த தாக்குதலிலும் அப்படித்தான். 91 பேர் இறந்தார்கள், சுமார் 1,400 பேர் காயம்பட்டார்கள். கோட்டைப் பகுதியின் அலுவலகங்களில் தங்கள் மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கண்ணாடிச் சில்லால் கண் போனது.

வெடிகுண்டே இல்லாத ஓர் உதாரணம். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. வானத்தில் சூரியனைவிடப் பெரிய வெளிச்சம். ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிடும், அதிர்வலை மெதுவாகத்தான் வரும். ஒரு நிமிஷத்துக்கும் மேல் கழித்து அது வந்தபோது எல்லோர் முகமும் கண்ணாடியை ஒட்டி இருந்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கே நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வெளிச்சத்தைப் பார்த்ததும் 44 குழந்தைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. நின்றுகொண்டே இருந்த ஆசிரியைக்குக் கையில் தசைநாண் அறுந்தது. பளிச்சென்று வெளிச்சமோ தூரத்தில் சத்தமோ கேட்டால் ஜன்னலை விட்டு விலகு என்று சொல்லிக்கொடுக்க எந்த டெண்டரும் விட வேண்டியதில்லை. பெய்ரூத்திலும் கிடங்கின் புகையை ஜன்னல் வழியே செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர்.

கண்ணாடிக்குச் செய்யக்கூடிய மலிவான வேலை, உட்புறம் பாலியஸ்டர் ஃபிலிம் ஒட்டுவது. கண்ணாடி உடைவதை இது தடுக்காது. உடைந்த சில்லு தனித்தனியாகப் பறக்காமல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வெயிலுக்காக நம் ஊரில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் 50 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும், அது கொஞ்சம்தான் தாங்கும். இந்த வேலைக்கானது 100 மைக்ரானில் தொடங்கி 200க்கும் மேலே போகிறது. (காரில் கறுப்பு ஃபிலிம் ஒட்ட உச்ச நீதிமன்றம் 2012இல் தடை போட்டது. கட்டடத்துக்கு அந்தத் தடை இல்லை.)

ஒட்டுவதில்தான் சூட்சுமம். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளேடால் சுரண்டி, ஃபிலிமை விரித்து, ரப்பர்ப் பட்டையால் தண்ணீரையும் காற்றையும் ஓரத்துக்கு வழித்துத் தள்ளுகிறார்கள். தடிமனான ஃபிலிம் முழுதாக இறுகிப் பிடிக்கப் பல நாள் ஆகும், அதுவரை அங்கங்கே மங்கலாகத் தெரியும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கண்ணாடி தெரியும் பகுதிக்கு மட்டும் ஃபிலிமை வெட்டி ஒட்டி, சட்டத்தோடு பிணைக்காமல் விட்டால் என்ன ஆகும்? பலமான அலை வந்தால் சில்லு சில்லாகப் பறக்க வேண்டியது, ஒரே பலகையாகச் சட்டத்தை விட்டுக் கழன்று அறைக்குள் பாயும். ஆகவே ஃபிலிமின் ஓரத்தைச் சட்டத்தோடு சிலிக்கான் பூசியோ உலோகப் பட்டை வைத்துத் திருகாணி முடுக்கியோ பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் குறுக்கே ஒரு கம்பி போட்டுப் பலகையை நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு தற்செயலான அதிர்ஷ்டம். இங்கே ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, கிரில் உட்பக்கம் இருக்கிறது. திருடனுக்காகப் போட்ட அந்தக் கிரில், ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிப் பலகையைப் பிடித்து நிறுத்தும் குறுக்குக் கம்பியாகவும் வேலை செய்யக்கூடும். ஃபிலிம் இல்லாமல் கிரில் மட்டும் இருந்தால் சில்லு இடைவெளியில் புகுந்து வந்துவிடும். சட்டத்தைச் சுவரில் பிடித்திருக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தால் கிரில், கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்ந்தே வரும். கடற்கரையோர வீடுகளில் கை வைத்து ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

1990களில் லண்டன் நகர அலுவலகங்கள் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுகளைச் சந்தித்த காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ஃபிலிமோடு சேர்த்து வலைத்திரையும் போட்டார்கள். ஜன்னலைவிட அகலமும் நீளமுமான வலைத்துணி, கீழ் விளிம்பில் ஈய எடை வைத்துத் தைத்து, ஜன்னலடியில் ஒரு பெட்டிக்குள் மடித்து விடப்பட்டிருக்கும். வெடித்தால் திரை உப்பி, கண்ணாடியை வாரிப் பிடித்துக் கீழே போட்டுவிடும். பார்த்தால் சாதாரண அலுவலகத் திரை.

ஃபிலிம் ஒட்டலாம் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டதன் கதை சவூதியின் கோபார் டவர்ஸ். 1996 ஜூன் 25 இரவு அமெரிக்க விமானப்படையினர் தங்கியிருந்த எட்டு மாடிக் கட்டடத்துக்கு வெளியே, வேலிக்கு அப்பால் டேங்கர் லாரி வெடித்தது. 19 பேர் இறந்தார்கள். வேலிக்கும் கட்டடத்துக்கும் நடுவே சுமார் 24 மீட்டர்தான் இடைவெளி. காயங்களில் பெரும்பகுதி கண்ணாடியால் வந்தது. ஜன்னல்களுக்கு ஃபிலிம் ஒட்டும் திட்டம் காகிதத்தில் இருந்தது, பணம் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது என்று விசாரணை அறிக்கை எழுதியது. அதே கட்டடம் இன்னொன்றையும் காட்டியது. முகப்பு முழுக்கப் பிய்ந்து போயும் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து விழவில்லை. ஓர் இடம் போனால் மற்ற இடம் தாங்கும்படி துண்டுகளை ஒன்றோடொன்று கட்டிய வடிவமைப்பு அது.

துண்டுகளை இப்படிக் கட்டிவைக்க வேண்டும் என்ற ஞானம் பிரிட்டனில் எப்படி வந்தது என்றால், ஒரு கப் டீயால் வந்தது. 1968 மே 16 அதிகாலை, கிழக்கு லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. 18ஆவது மாடியின் மூலை வீட்டில் இருந்த பெண்மணி டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. பெரிய வெடிப்பே அல்ல. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய வீடு அது. மூலைச் சுவர் வெளியே தள்ளப்பட்டதும் மேலே இருந்த மாடிகள் ஆதாரமில்லாமல் இறங்க, அந்தப் பாரம் தாங்காமல் கீழே இருந்தவையும் வரிசையாகப் போயின. கட்டடத்தின் ஒரு மூலை முழுதாகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். விழுந்தது வரவேற்பறைகள் இருந்த மூலை, ஜனங்கள் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் நாலோடு நின்றது.

அதன் பிறகு பிரிட்டிஷ் அரசு சொன்ன பரிகாரத்தில் ஒரு சிக்கன புத்தி இருந்தது. இதே வகைக் கட்டடங்களில் எரிவாயு இருந்தால் 34 கிலோபாஸ்கல் தாங்கும்படி வலுவூட்டு. எரிவாயுவைத் துண்டித்துவிட்டால் 17 தாங்கினால் போதும். குழாயை மூடினால் தேவையான பலம் பாதியாகிறது! பலகைகளின் மூட்டுகளில் எல்-வடிவ இரும்புப் பட்டைகளை வைத்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். பல உள்ளாட்சிகள் எரிவாயுவை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறின. எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்களா என்பது வேறு விஷயம். ரோனன் பாயிண்டை 1986இல் துண்டு துண்டாகப் பிரித்தபோது மூட்டுகளில் கலவை இருக்க வேண்டிய இடத்தில் குப்பையும் வெற்றிடமும் இருந்தன. 2017இல் தெற்கு லண்டனின் லெட்பரி குடியிருப்பில், சுவரில் கை நுழையும் அளவு விரிசல் என்று குடியிருப்போர் சத்தம் போட்ட பிறகு ஆராய்ந்தார்கள். 1968க்குப் பின் வலுவூட்டப்பட்டதாக நம்பியிருந்த கோபுரங்கள் அப்படிச் செய்யப்படவே இல்லை என்பது தெரியவந்தது. உடனே எரிவாயுவை வெட்டினார்கள்.

எரிவாயு என்றதும் ஒரு சிக்கல் எழுகிறது. வெளியே வெடிக்கும் குண்டுக்கு ஜன்னலைப் பலப்படுத்துகிறோம். உள்ளே கசியும் வாயுவுக்கு அதே பலம் பகையாகலாம். அறைக்குள் வாயு வெடிக்கும்போது ஜன்னல் சீக்கிரம் திறந்துகொண்டால் அழுத்தம் வெளியேறிவிடும், சுவரும் தூணும் தப்பும். சிவகாசிப் பட்டாசுத் தொழிற்கூடங்களின் அமைப்பே இந்த எண்ணத்தில்தான்: சின்னச் சின்ன அறைகள், நடுவே இடைவெளி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற வரம்பு. அந்த வரம்பு மீறப்படும்போது கட்டட அமைப்பால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சமையலறை ஜன்னலுக்குத் தடித்த ஃபிலிம் ஒட்டும் முன் யோசிக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். உயரத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதை இழுக்காது. சிலிண்டரை வெளியே திறந்த இடத்தில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதும், சுவரின் அடியில் ஒரு காற்றுத் துளை விடுவதும் ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை.

அடுத்து சுவர். கான்கிரீட் சட்டகத்தின் நடுவே நிரப்பிய நாலரை இஞ்சு செங்கல் சுவர், தூணோடும் மேல் தளத்தோடும் எந்தப் பிணைப்பும் இல்லாமல் நிற்கிறது. அறைபட்டால் செங்கல் செங்கலாகப் பாயும். அமெரிக்க விமானப்படை தன் டிண்டால் தளத்தில் 1990களின் இறுதியிலிருந்து கான்கிரீட் கல் சுவர்களை வெடித்துப் பார்த்துச் சோதித்தது. சரக்கு வண்டித் தொட்டியின் உட்புறம் அடிக்கும் பாலியூரியா என்ற ரப்பர் போன்ற பூச்சைச் சுவரின் உள்பக்கம் தெளித்தார்கள். சுவர் நொறுங்கியது, ஆனால் நொறுங்கல் பைக்குள் விழுந்ததுபோல அந்தத் தோலுக்கு அப்பாலேயே நின்றது. சுவரைக் காப்பாற்றும் ஆசையே அதில் இல்லை, சுவரோரம் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் கணக்கு. பூச்சைத் தளத்தின் மேலும் கீழும் சில இஞ்சு மடித்துப் பிடிக்க வைக்க வேண்டும். தெளிக்கும்போது வரும் ஆவி கெடுதல், முகமூடி இல்லாமல் நிற்கக் கூடாது.

பெண்டகனில் வேறு வழி. அங்கே பழைய கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் புதுப்பித்தபோது, வெளிச்சுவருக்கு உட்புறம் தளத்துக்குத் தளம் எஃகுக் குழாய்ச் சட்டம் நிறுத்தி, அதில் கனமான வெடிப்புத் தாங்கும் ஜன்னல்களைப் பொருத்தி, சட்டங்களுக்கு நடுவே செங்கல் சில்லைப் பிடிக்க, மண் சரிவுக்குப் போடும் வகைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று விமானம் மோதிய இடம் அப்படிப் புதுப்பித்து முடியும் நிலையில் இருந்த முதல் பகுதி. மோதிய இடத்துக்கு மேலே இருந்த மாடிகள் உடனே விழவில்லை, ஆட்கள் வெளியேற அவகாசம் கிடைத்தது. இதில் 1940களில் கட்டிய தூண்களில் சுருள் சுருளாகச் சுற்றியிருந்த கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு என்று அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கத்தின் அறிக்கை காட்டியது.

நம் ஊர்ச் செலவுக்கு இந்த இரண்டுமே கட்டாது என்கிறவர்களுக்கு, நிலநடுக்க வலுவூட்டலில் பழகிய வழி இருக்கிறது. சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்து, வெல்டு மெஷ்ஷை இரு பக்கமும் விரித்து, சுவரைத் துளைத்துக் கம்பியால் பிணைத்து, தூணிலும் தளத்திலும் பிடித்து, மேலே சிமெண்ட் கலவை பூசுவது. தூணும் செங்கலும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்கக் கோழிவலை வைக்கும் வழக்கம் எல்லாக் கொத்தனார்களுக்கும் தெரியும். அதையே தடித்த வலையில், சுவர் முழுக்க, ஆணிக்குப் பதில் ஆங்கர் போல்ட் வைத்துச் செய்ய வேண்டும்.

கண்ணாடி காயப்படுத்துகிறது, சரிவு கொல்கிறது. 1995 ஏப்ரல் 19இல் ஓக்லஹோமா சிட்டியின் மர்ரா கட்டடத்தில் 168 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்களில், சரிந்த பகுதியில் இருந்த 175 பேரில் 153 பேர் இறந்தார்கள். சரியாத பகுதியில் இருந்த 186 பேரில் 10 பேர் மட்டுமே. ஒரே கட்டடம், ஒரே குண்டு. லாரி நின்றது ஒரு தூணிலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான தூரத்தில். அந்தத் தூண் தூளானது, பக்கத்தில் இரண்டு தூண்கள் வெட்டுப்பட்டன. முகப்பில் மேலே ஆறு மீட்டருக்கு ஒன்றாக இருந்த தூண்களைக் கீழே பன்னிரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் குறைத்து, நடுவில் ஒரு பெரிய உத்தரத்தின் மேல் ஏற்றியிருந்தார்கள். மூன்று தூண்கள் போனதும் உத்தரம் போனது, உத்தரத்தோடு மாடிகளில் பாதி போனது.

ஜீன் கார்லி தலைமையில் ஆராய்ந்த பொறியாளர்கள், அதே கட்டடத்துக்கு நிலநடுக்கப் பகுதிகளில் போடும் கம்பி அமைப்பு மட்டும் இருந்திருந்தால் சரிந்த பரப்பு 50 முதல் 80 சதவீதம் குறைந்திருக்கும் என்று கணித்தார்கள். குண்டுக்கென்று தனியாக எதுவுமே செய்யாமல்! இந்த ஒரு முடிவு செலவுக் கணக்கையே மாற்றிவிடுகிறது. குண்டு வெடிக்கலாம் என்று சொல்லி எந்தக் குடியிருப்புச் சங்கத்திடமும் காசு வாங்க முடியாது. நிலநடுக்கத்துக்கு என்று கேட்கலாம். 2001 புஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2002இல் வந்த தரக்குறிப்புத் திருத்தம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முன் எழுந்த கட்டடங்கள் குறைவாகவே தாங்கும்படி கட்டப்பட்டவை.

அந்தக் கட்டடங்களில் தரைத் தளம் பெரும்பாலும் கார் நிறுத்தும் இடம். சுவர் கிடையாது, தூண்கள் வெறுமையாக நிற்கின்றன, வாகனம் அவற்றை உரசிக்கொண்டு நிற்கிறது. மேல் மாடித் தூண் கீழே இறங்காமல் உத்தரத்தின் மேல் மிதக்கும் அமைப்பும் அங்கங்கே உண்டு, அதாவது மர்ராவின் சின்ன நகல். தூணுக்குள் என்ன இருக்கிறது? நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங் ஆறு இஞ்சுக்கு ஒன்று, எட்டு இஞ்சுக்கு ஒன்று. ரிங்கின் இரு முனைகளையும் செங்கோணத்தில் மடக்கி விட்டிருப்பார்கள். மேல் பூச்சுக் கான்கிரீட் பெயர்ந்தவுடன் அந்த மடக்கு விரிந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கான்கிரீட் பிதுங்கிவிடும். முனையை இன்னும் வளைத்து, 135 பாகையில், தூணின் நடுவுக்குள் போகும்படி மடக்கினால் அது விரியாது. தூண் உத்தரத்தோடு சேரும் இடங்களில் நாலு இஞ்சுக்குள் ஒரு ரிங் வர வேண்டும். கம்பி கட்டுகிறவருக்கு ஒரு ரிங்குக்குச் சில விநாடி கூடுதல் வேலை. கட்டும்போது செய்யாமல் விட்ட அந்தச் சில விநாடியைப் பின்னால் சரிசெய்யத்தான் இத்தனை பாடு.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, தூணைச் சுற்றிப் புதிய கம்பியும் நெருக்கமான ரிங்கும் போட்டு மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது. தூண் ஒவ்வொரு பக்கமும் மூன்று நாலு இஞ்சு பருக்கும். கார் நிறுத்தும் இடத்தில் மூன்று இஞ்சு என்பது சங்கக் கூட்டத்தில் மூன்று மாதச் சண்டை. இன்னொன்று, கார்பன் அல்லது கண்ணாடி நாரிழைத் துணியை எப்பாக்சியில் தோய்த்துச் சுற்றுவது. சில மில்லிமீட்டரில் முடிந்துவிடும், விலை அதிகம், தூணின் கூர்மூலைகளை முதலில் தேய்த்து உருட்ட வேண்டும், தீக்குப் பயந்து மேலே ஒரு பூச்சும் வேண்டும். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெடிமருந்து இல்லாமலே வெடிப்பின் அடியை உண்டாக்கும் இயந்திரத்தில் இப்படிச் சுற்றிய தூண்களைச் சோதித்துப் பலனை உறுதிசெய்திருக்கிறார்கள். எல்லாத் தூணுக்கும் வேண்டியதில்லை. சாலையை ஒட்டியவை, மூலைத் தூண்கள், மிதக்கும் தூணைத் தாங்குபவை என்று பார்த்தால் பத்தில் மூன்று நாலுதான் வரும்.

தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெடிப்பலை ஜன்னல் வழியே உள்ளே புகுந்து மேல்தளத்தைக் கீழிருந்து தூக்கும். தளத்தின் நடுப்பகுதியில் கம்பி கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது, பாரம் கீழ்நோக்கி வரும் என்றுதானே கட்டினோம். ஃபால்ஸ் சீலிங், ஏசி யூனிட், டியூப்லைட் சட்டம் எல்லாவற்றையும் கூரையோடு கம்பி போட்டுக் கட்டிவைக்க வேண்டியதும் இதனால்தான். பெய்ரூத்தில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் கட்டடம் நின்றது, உள்ளே கண்ணாடியும் கூரைத் தகடுகளும் பொழிந்தன. நான்கு செவிலியர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரியைத் தேடி வந்த அந்த இரவில் அந்த ஆஸ்பத்திரி தன் நோயாளிகளையே வெளியேற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் இந்தியாவில் சட்டக் கட்டாயம் என்று சாதாரணக் கட்டடங்களுக்கு ஒன்றும் இல்லை. வெடிப்புத் தாங்கும் கட்டமைப்புக்கான இந்தியத் தரக்குறிப்பு 4991 முதலில் 1968இல் வந்தது, ரோனன் பாயிண்ட் சரிந்த அதே ஆண்டு. அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் ராணுவத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் வேலை செய்கிற சிலர்தான்.

ஆகவே செலவு எப்போது குறையும் என்பதைப் பார்க்க வேண்டும். வலுவூட்டல் வேலையில் ஃபிலிமோ கம்பியோ மட்டும் செலவில்லை. சாரம் கட்டுவது, பூச்சைக் கொத்துவது, ஆட்களை வேறிடத்துக்கு மாற்றுவது, மறுபடி வண்ணம் அடிப்பது என்று சுற்றுச்செலவு பெரிது. பெண்டகன் அதைத் தனி வேலையாகச் செய்யவில்லை, எப்படியும் செய்ய இருந்த புதுப்பித்தலோடு சேர்த்துச் செய்தது. நம் அலுவலகங்களும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி வண்ணம் அடிக்கின்றன. அந்தச் சாரம் நிற்கும்போது ஹோல்ட்ஃபாஸ்ட்டைச் சோதிக்கலாம். மர ஜன்னல் போய் அலுமினியம் வரும்போது சாதாரணக் கண்ணாடிக்குப் பதில், நடுவே பிசின் தாள் வைத்த இரட்டைக் கண்ணாடி கேட்கலாம், கார் முன்கண்ணாடியில் இருப்பது அதுதான். ஈரம் ஏறிப் பூச்சு விழுந்த சுவரை எப்படியும் கொத்தப் போகிறார்கள், அப்போது வலையை வைத்துவிடலாம். கார் நிறுத்தத்தில் துருவேறி வெடித்த தூணைச் சீரமைக்க ஒப்பந்தக்காரர் வரும் நாளில், வெறும் கலவை பூசி மூடாமல் ரிங்கைக் கூட்டச் சொல்லலாம். சங்கச் செயலாளர் அந்த ஒப்பந்தப் புள்ளியில் சேர்க்க வேண்டியது இரண்டு வரி: ரிங் இடைவெளி நாலு இஞ்சு, முனை மடக்கு 135 பாகை. பில் வரும்போது கூடுதல் தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, மிச்சத் தூண்களைப் பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேசலாம்.